ஆமையின் இருதயமும் அப்பாவின் தம்ளரும்

தம்ளரைத்தான் முதலில் பார்த்தேன். ஆளை அல்ல.

எவர்சில்வர் தம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் ஒரு பெயர். அது என் பெயர். எனக்குக் காது குத்தியபோது மாமா சீராகக் கொடுத்த தம்ளர். ஆத்தூரில் எங்கள் வீட்டு அடுக்களைத் தட்டில் இருக்க வேண்டியது. தூத்துக்குடிக் கடற்கரையில், ஆமை அறுக்கிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயிலில், எனக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வரிசையில் நின்ற ஒருவர் கையில் அது மின்னியது.

கைக்கு மேலே பார்த்தேன். தலையில் துண்டைப் போட்டு, பாதி முகத்தை மறைத்துக்கொண்டு அப்பா நின்றார்.

என் கையில் கண்ணாடி பீக்கர். காலடியில் ஐஸ் பெட்டி. எனக்கும் அவருக்கும் நடுவே, மல்லாக்கப் புரட்டிப் போட்ட பேராமை ஒன்று துடுப்புக் கால்களை மெதுவாக அசைத்துக்கொண்டு மூச்சு விட்டது. ஆமை மூச்சு விடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சைக்கிள் ட்யூபில் காற்றைப் பிடுங்கிவிட்டது மாதிரி நீளமாக ஒரு சத்தம். அப்பாவின் இழுப்பும் அப்படித்தான் கேட்கும். எந்தச் சத்தம் யாருடையது என்று ஒரு கணம் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இருதயம் யாருக்கு

அந்தக் கரையை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆமையை அறுக்கக் கூடாது என்ற சட்டம் வந்தும் வராமலும் இருந்த காலம். வலையில் மாட்டிய பேராமைகளை ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்ததும் கரையில் வைத்து அறுப்பார்கள். கறிக்கு ஒரு கூட்டம் வரும். ரத்தத்துக்கு வேறு கூட்டம். மூலம், இழுப்பு, சோகை எல்லாவற்றுக்கும் ஆமை ரத்தம் கேட்கும் என்று நம்பிக்கை. ஆனால் சூட்டோடு குடிக்க வேண்டும். உறைய ஆரம்பித்துவிட்டால் பலிக்காது. அதனால் வரிசையில் நிற்பவர்கள், அறுப்பதற்கு முன்பே தம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அறுப்பவர் சூசை அண்ணாச்சி. பெரிய உடம்பு, சின்னக் கத்தி. கழுத்தில் மாதா படம் கோத்த கறுப்புக் கயிறு. முதன்முதலில் நான் ஐஸ் பெட்டியோடு போய் நின்றபோது, "என்ன டீச்சர், கறிக்கு வந்தியளா?" என்றார். நான் டீச்சர் இல்லை, ஆராய்ச்சி மாணவி என்றேன். "சரி டீச்சர்," என்றார். அதோடு அந்தக் கரைக்கே நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

ஆமையின் இருதயத்தைக் கேட்டேன். எதற்கு என்றார். அதற்குள்ளும் அதை ஒட்டிய பெரிய ரத்தக் குழாய்களுக்குள்ளும் ஒரு வகைத் தட்டைப்புழு குடியிருக்கிறது, அதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"இருதயத்த எடுத்துக்கிடுங்க. காசு வேண்டாம். ஆனா இங்கன, கூட்டத்துக்கு முன்னால, புழு பூச்சின்னு வாயத் தொறக்கப்படாது. நீங்க தொறந்தா நான் கடைய மூடணும்."

ஒப்புக்கொண்டேன். இருதயம் இல்லாமல் எனக்கு ஆராய்ச்சி இல்லை. தவிர, அந்தப் புழு மனித வயிற்றில் பிழைக்காது என்பதுதான் படித்தவர்கள் எல்லோருடைய அனுமானமும். அனுமானம்தான். யாரும் பார்த்ததில்லை.

முத்துக்குள் ஒரு புழு

முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு நினைவுக் குறிப்பு எதற்கு என்று கேட்டு இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என்ன செய்ய, எனக்கு எதையும் ஆறப்போட்டு எழுதத் தெரியாது.

நான் புழுக்களிடம் வந்து சேர்ந்தது முத்து வழியாக. பி.எஸ்ஸி. வகுப்பில் ஒருநாள் அந்தக் கதையைக் கேட்டேன். முத்து உண்டாவது மணலால் அல்ல, சிப்பிக்குள் நுழைந்துவிட்ட ஒரு புழுக் குஞ்சைச் சுற்றித்தான் என்று இந்த வளைகுடாவில் ஆராய்ந்தவர்கள் ஒரு காலத்தில் சொன்னார்களாம். சிப்பியால் அதைத் துரத்த முடியாது. அதனால் சுற்றிச் சுற்றிப் பூசி மூடிவிடுகிறது. அந்தப் புழு வளர்ந்து பெரிதாக வேண்டுமென்றால் திருக்கை மீனின் குடலுக்குப் போக வேண்டும். திருக்கை வந்து சிப்பியைத் தின்றால் புழு பிழைத்தது. இல்லையென்றால் அது யாரோ ஒருத்தியின் மூக்குத்தி.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அன்று முழுக்க முத்துத் தோடு போட்ட பெண்களின் காதையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். பிறகு வந்தவர்கள் அந்தக் கருத்தைப் பெரும்பாலும் தள்ளிவிட்டார்கள் என்பது எம்.எஸ்ஸி.யில்தான் தெரிந்தது. பரவாயில்லை. அதற்குள் நான் மாட்டிக்கொண்டேன். ஓர் உயிர் இன்னோர் உயிருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அதைச் சாகவும் விடாமல் சும்மாவும் விடாமல் இருக்கிறதே, அது எப்படி? இதற்கு மேல் ஒரு கேள்வி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

திருக்கைக் குடலுக்காகக் கடற்கரை ஊர்களெல்லாம் அலைந்தேன். ஒரு தசரா சமயம் குலசேகரன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். காளி வேஷம் கட்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பெட்டிக்குள்ள என்ன தாயி, இப்படி வாட அடிக்கு?" என்றார். திருக்கைக் குடல் என்றேன். காளி எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டது.

ஆனால் சிப்பி கிடைக்கவில்லை. முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது; படுகைகள் வெறுமையாகக் கிடந்தன. "சிப்பிக்குக் காத்திருந்தால் நீ கிழவியாகிவிடுவாய். ஆமையைப் பார்," என்றார் என் பேராசிரியர். அந்த வாரமே கரைக்குப் போய்விட்டேன்.

முதல் இருதயம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உடம்பை விட்டு வந்த பிறகும் அது துடித்தது. பீக்கரில், உப்புநீருக்குள், தனியாக, வெகுநேரம். கையில் ஏந்தினால் கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி இருக்கும். அது தானாக நிற்கும்வரை நான் கத்தரியை எடுப்பதில்லை. அதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது.

தனி சோப்பு

ஆத்தூரில் எங்களுக்குக் கொடிக்கால், வெற்றிலைத் தோட்டம். சைவ வீடு. முட்டை என்ற சொல்லைக்கூடச் சாப்பிடும் நேரத்தில் சொல்ல மாட்டோம். "மக என்ன படிக்கா?" என்று கடைத்தெருவில் யாராவது கேட்டால் "கடல் சம்பந்தமா" என்று சொல்லி அப்பா அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். விடுமுறைக்குப் போனால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் நான் உள்ளே நுழைய வேண்டும். எனக்கென்று தனி சோப்பு. அப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்தது கிடையாது. என் விரல்களை மட்டும் பார்க்க மாட்டார்.

அவருக்கு இழுப்பு ரொம்ப வருஷமாக. ஐப்பசி மழை தொடங்கினால் படுக்க முடியாது. சுவரோடு தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. அந்த வருஷம், ஏணியில் ஏறி வெற்றிலை கிள்ளுவதை விட்டுவிட்டார். வரப்பில் உட்கார்ந்து ஆட்கள் கிள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் திறந்தே இருக்கும்.

சாகுபுரம் ஆலையில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர், தனக்குத் தெரிந்த மேஸ்திரிக்கு ஆமை ரத்தத்தால் இழுப்பு போன இடம் தெரியவில்லை என்று அப்பாவிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முதல் தம்ளர்

அப்பாவும் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏளா," என்றார். அவ்வளவுதான்.

"அப்பா, நீங்க இங்கன எப்படி..."

"மொத பஸ்ஸுக்கு வந்தேன். அம்மைக்குத் தெரியாது. நீயும் சொல்லிராத."

வேட்டி மடிப்பில் வாழைச்சருகில் கட்டிய வெற்றிலைப் பொட்டலம் தெரிந்தது. குடித்ததும் வாயில் போட்டு மெல்லுவதற்காக. எல்லாவற்றையும் யோசித்து, ஏற்பாடு செய்துகொண்டு வந்திருக்கிறார். என் அப்பா.

சூசை அண்ணாச்சி நிமிர்ந்தார். "யாரு டீச்சர், அப்பாவா? அண்ணாச்சி, முன்னால வாங்க. துண்ட எடுங்க. மருந்துக்கு வந்த எடத்துல என்ன வெக்கம்? மொத தம்ளர் ஒங்களுக்கு. டீச்சர் அப்பாகிட்ட காசு வாங்குனா எனக்குச் சோறு எறங்குமா?"

வரிசை விலகி வழிவிட்டது. அவர் முழுக்க அன்போடுதான் செய்தார். கத்தி இறங்கியது. ஆமையின் ஓட்டுக்குள் ரத்தம் குளமாகத் தேங்கியது. அப்பாவின் கையிலிருந்து தம்ளரை வாங்கி, மொண்டு, துளி சிந்தாமல் திருப்பிக் கொடுத்தார்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "டீச்சர் அப்பாவே குடிக்காவ பாரு. வாரா வாரம் அந்தம்மா மிஷின்ல வச்சுப் பாக்குதாவ. கெடுதல்னா சொந்த அப்பாவ விடுவாவளா?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தது இத்தனை நாளும் வெறும் ஒப்பந்தம். அப்பா குடித்துவிட்டால் அது சான்றிதழ். என் பெயர் வெட்டிய தம்ளரிலேயே.

அப்பா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. முருகன் பெயராக இருக்கும்.

"அப்பா, வேண்டாம்."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா கண்ணைத் திறந்தார். "ஏன்?"

"அதுல புழு இருக்கலாம். முட்டை இருக்கலாம்."

"கெடுதல் செய்யுமா?"

"செய்யாதுன்னுதான் நெனைக்கோம். ஆனா தெரியாது."

"இழுப்பு நிக்குமா?"

"அதுவும் தெரியாதுப்பா."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "தெரியாதுன்னு சொல்லுததுக்கா இம்புட்டுப் படிச்ச?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாப்பா," என்றேன்.

"டீச்சர்," சூசை அண்ணாச்சியின் குரல் தாழ்ந்திருந்தது. "நமக்குள்ள என்ன பேச்சு?"

"மறக்கல அண்ணாச்சி. ஆனா எங்க அப்பா குடிச்சா, இவிய எல்லாரும் என்னையச் சாட்சி வச்சுல்லா குடிப்பாவ."

கூட்டம் சலசலத்தது. கைக்குழந்தைக்காரி தம்ளரை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். பல் போன ஒரு கிழவி என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "தள்ளுளா டீச்சரு. என் வயித்துக்குள்ள வார புழு பட்டினிதான் கெடக்கணும்." சிரிப்பு எழுந்தது. அவள் ஒரே மடக்கில் குடித்தாள். அவளுக்குப் பின்னால் பாதிப் பேர் குடித்தார்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள்.

அப்பா குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. தம்ளரின் ஓரத்தில் ரத்தம் பிடித்து உறையத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் குனிந்து அதை மணலில் வைத்தார். மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துச் சூசை அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"ஆத்தூர் வெத்தல. ஒங்க யாவாரத்தக் கெடுத்துட்டோம்."

அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். பிறகு இருதயத்தை அறுத்து என் பீக்கரில் போட்டார். "இதான் கடைசி, டீச்சர்."

மூட வேண்டிய கண்

அன்று ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். அப்பா அங்கே வந்தது அதுதான் முதல்முறை. பார்மலின் நெடியில் இருமினார், ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். ஸ்டூலில் உட்கார மாட்டேன் என்று நின்றவர், மூச்சு போதாமல் உட்கார்ந்தார். இருவரும் பீக்கருக்குள் அந்த இருதயம் நிற்பதற்காகக் காத்திருந்தோம்.

வெட்டி, உள்சுவரைக் கழுவிய நீரில் புழு இருந்தது.

"எனக்குக் காட்டுதியா?" என்றார்.

மைக்ராஸ்கோப்பில், மூட வேண்டிய கண்ணைத் திறந்து, திறக்க வேண்டிய கண்ணை மூடினார். கன்னத்தைப் பிடித்து முகத்தைச் சரியாகத் திருப்பி வைத்தேன். அதே விரல்களால். அவர் விலகவில்லை.

வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது, துடைத்துக் கொடுத்தேன், மறுபடி குனிந்தார்.

"நெளியுதே."

"உயிரோட இருக்குப்பா."

"எம்புட்டு மெலிசு. கொழுந்து வெத்தல கணக்கா." கொஞ்சம் கழித்து, "இது ஆமையக் கொன்னுராதா?"

"பெரும்பாலும் கொல்லாது. கொன்னா இதுக்கும் வீடு போச்சுல்லா."

"நம்ம மேலத்தெரு வீட்டுக் குடித்தனக்காரன் மாதிரிதான். காலி பண்ணவும் மாட்டான், வீட்ட இடிக்கவும் மாட்டான்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அடங்குவதற்கு நேரமாயிற்று. அடங்கியதும், "எனக்குள்ள உள்ளதும் அப்படி இருந்துட்டுப் போவட்டும்," என்றார்.

பஸ் ஏற்றிவிட்டேன். நான் தேய்த்துக் கழுவிக் கொடுத்த தம்ளரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, "கைய நல்லாக் கழுவிட்டுச் சாப்புடு," என்றார்.

அடுத்த ஞாயிறு எனக்குத் தெரியாமல் வந்து குடித்துவிடுவாரோ என்று பயந்து கரைக்குப் போய் நின்றேன். வரவில்லை. எந்த ஞாயிறும் வரவில்லை.

கார்த்திகை

சூசை அண்ணாச்சி சொன்ன சொல் மாறவில்லை. வெறும் பெட்டியோடு சில வாரம் போய் நின்றேன். என்னைப் பார்க்காதது போல அறுத்தார். பிறகு போவதை நிறுத்தினேன். கையிலிருந்த கொஞ்ச இருதயங்களை வைத்து ஆராய்ச்சியை முடிக்க முடியாது என்று பேராசிரியர் கையை விரித்தார். நான் மறுபடியும் திருக்கைக் குடலுக்குப் போனேன்.

கார்த்திகை மழையில் அப்பா இறந்துபோனார். காலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே.

வாயில் பால் ஊற்றுவதற்கு அம்மா எடுத்துவந்தது அந்தத் தம்ளரை. அடுக்களையில் கைக்கு முதலில் கிடைத்தது அதுதான் போலிருக்கிறது. என் பெயர் வெளிப்பக்கம் தெரிந்தது.

கரை வரிசையில் ஆத்தூர்க்காரர் யாரோ இருந்திருக்க வேண்டும். துஷ்டி கேட்க வந்த பெண்களில் ஒருத்தி, "மருந்து குடிக்கப் போனவர இவதான் தடுத்துட்டாளாம்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அம்மாவின் தலை என் பக்கம் திரும்பியது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் வாசலில் சூசை அண்ணாச்சி நின்றார். சலவைச் சட்டை, கையில் குடை. அடையாளமே தெரியவில்லை.

"இப்பத்தான் கேள்விப்பட்டேன் டீச்சர். மனசு கேக்கல. அன்னைக்கு அவிய தந்த வெத்தலய எம் பொஞ்சாதி இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்கா."

உள்ளே வரச் சொன்னேன். "வேண்டாம். சைவ வீடு. நான் என்ன குளிச்சாலும் நாறுவேன்."

"நானும்தான் அண்ணாச்சி," என்றேன்.

அதற்குப் பிறகு வந்து, நடைக்குள் சுவரோரமாக உட்கார்ந்தார். குடையைக் காலுக்கிடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேப்பேன். கோவிக்கப்படாது. அன்னைக்கு அவியளக் குடிக்க விட்டிருந்தா, இருந்திருப்பாவளா?"

உள்ளே அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

இருந்திருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். நான் படித்த படிப்பு முழுக்க அதைத்தான் சொல்கிறது. அம்மாவின் காதுக்கு அது போதும், எனக்கும் போதும். ஆனால் குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

"தெரியாது அண்ணாச்சி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கும் அதையேதான் சொல்லுதிய," என்றார். எழுந்து குடையை உதறினார். "ஞாயித்துக்கெழம பெட்டியத் தூக்கிட்டு வாங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை உள்ளே சத்தம் இல்லை. பிறகு பாத்திரங்கள் மறுபடி உருள ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மழைக்காலம் என்பதால் வரிசையில் ஆள் அதிகம். பாதிப் பேர் மூச்சு இழுத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சி இருதயத்தை பீக்கரில் போட்டார். அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, நிற்கும்வரை காத்திருந்து, வெட்டி, உள்சுவரைக் கழுவி, கண்ணை வைத்தேன்.

புழு இல்லை. முட்டையும் இல்லை.

எல்லா ஆமையிலும் இருக்காது என்பது எனக்கு முன்பே தெரியும். இருந்தும் பெரிய குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளந்து, மறுபடி கழுவினேன். புழு கிடைத்தால் ஆராய்ச்சிக்கு நல்லது என்று தேடிய நாட்கள் நிறைய உண்டு. அன்று அதற்காகத் தேடவில்லை. அப்பாவைத் தடுத்ததற்குச் சாட்சியாக ஒன்றே ஒன்றாவது இருந்துவிட வேண்டும் என்று அப்பாவின் முருகனை வேண்டிக்கொண்டு தேடினேன்.

தண்ணீர் தெளிந்துவிட்டது. மறுபடி பார்த்தேன். இல்லை.